என் பேர் வந்த ஜெபம்

ரெண்டு தடவை. ஆண்டவரே, ரெண்டு தடவை என் பேர் வந்தது. நான் கண்ணை மூடியிருந்தேனே தவிர காதை மூடவில்லை. முதல் தடவை போகிற போக்கில் வந்தது. ரெண்டாவது தடவை முடிவுக்குப் பக்கத்தில். அவர் குரல் இறங்கி, கொஞ்சம் நின்று, எச்சிலை விழுங்கி, அப்புறம் பெர்சிஸ். அதற்கு முன்னாலும் இந்தி, பின்னாலும் இந்தி, நடுவில் நான். என்ன சொன்னார் என்னைப் பற்றி? நல்லதா, குறையா? குறை சொல்கிறவர் குரல் அப்படியா இறங்கும்? இறங்கும், சிலபேருக்கு இறங்கும், ஆளை வெட்டுகிற குறையைக்கூடத் தேன் தடவிச் சொல்கிறவர்கள் உண்டு. உமக்கு எல்லாப் பாஷையும் தெரியும், எனக்குத்தான் தெரியாது. கல்யாணமாகி முப்பது வருஷத்துக்கு மேலாகிறது. என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் என் வீட்டுக்காரர் வாயைத் திறந்து ஜெபம் பண்ணினது இன்றைக்குத்தான், இந்தக் கிறிஸ்மஸ் மத்தியானம்தான். அதுவும் இன்று காலைவரை யாரென்றே தெரியாத ரெண்டு பேருக்கு முன்னால், எனக்கு ஒரு வார்த்தை விளங்காத பாஷையில். முடித்ததும் மூன்று பேரும் ஒரே குரலில் ஆமீன் என்றார்கள். நான் கொஞ்சம் பிந்தி ஆமென் என்றேன். பிரியாணியைப் பரிமாறிவிட்டு, அப்பளம் பொரிக்கணும் என்று சொல்லி அடுப்படிக்கு வந்துவிட்டேன். அப்பளம் பொரிக்க வேண்டியதே இல்லை. ஏற்கெனவே ஒரு தாம்பாளம் நிறையப் பொரித்து மூடித்தான் வைத்திருக்கிறேன். ஆனாலும் சட்டியை ஏற்றி எண்ணெய் ஊற்றிவிட்டேன், ஏதாவது காயட்டும் என்று.

நான்தானே கூப்பிட்டேன். அதுதான் வயிற்றெரிச்சலே. ஆலயத்துக்குப் பின்னால் புதிதாகக் கட்டுகிற மண்டபத்துக்கு டைல்ஸ் ஒட்ட ஜார்கண்டிலிருந்து ஆட்கள் வந்திருக்கிறார்கள், அவர்களில் சிலர் நம்மைப்போலக் கிறிஸ்தவர்கள், பண்டிகைக்கு ஊருக்குப் போக முடியாமல் தகரக் கொட்டகையில் கிடக்கிறார்கள், ஆளுக்கு ஒரு வீடாக மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் என்ன என்று ஐயர் கேட்டார். எங்கள் பாளையங்கோட்டைப் பக்கம் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். அவர் கேட்டு வாய் மூடுவதற்குள் என் கை மேலே போய்விட்டது. முதல் கை. திரும்பிப் பார்த்தேன், எங்கள் பெண்கள் சங்கத்து ஹெலன் அக்கா கை ரெண்டாவதாக எழும்பிக்கொண்டிருந்தது, அதில் எனக்கு ஒரு சந்தோஷம். பொய் சொல்லமாட்டேன், உம்மிடம் பொய் சொல்லி ஆகப்போவது என்ன. என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து பாட்டுப் புத்தகத்தின் அட்டையைத் தடவிக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வரும் வழியில், "ரெண்டு பேரு வாராங்க, புருஷன் பொஞ்சாதி" என்றேன். "சரி" என்றார். சரி என்பதற்கு மேல் அவர் பேசினால் அன்றைக்கு மழை வரும். நான் என்னவெல்லாம் திட்டம் போட்டேன்! பக்கத்து வீட்டுக்குப் பலகாரத் தட்டு கொடுக்கப் போன இடத்தில் அந்த வீட்டுப் பெண்ணை ஃபோனில் பார்க்கச் சொல்லி, உங்களுக்கு நல்வரவு என்பதை இந்தியில் ஒரு வரியாக எழுதி வாங்கினேன். ஆப் கா ஸ்வாகத் ஹை. குளிக்கும்போது சொன்னேன், தேங்காய் திருகும்போது சொன்னேன். வாசலில் நான் நின்று அதைச் சொல்லவேண்டும், அந்தப் பெண் முகம் மலரவேண்டும், இவர் பின்னால் நின்று பார்க்கவேண்டும். அன்னியரை உபசரிப்பது எப்படி என்று அவர் என்னைப் பார்த்தாவது தெரிந்துகொள்ளட்டும் என்று நினைத்தேன். சிரிப்பீர் நீர்.

மணி அடித்தபோது நான் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். இவர் போய்க் கதவைத் திறந்துவிட்டார். அந்த ரெண்டு பேரும் படிக்குக் கீழேயே செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வரலாமா வேண்டாமா என்று ஒடுங்கி நின்றார்கள். அவன் சட்டையில் மடிப்புத் தெரிந்தது, பெட்டிக்குள்ளிருந்து இன்றைக்குத்தான் எடுத்திருப்பான். இவர் வலது கையைத் தூக்கி, "யீசு சஹாய்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அந்த ரெண்டு முகத்தையும் அப்போது பார்க்கவேண்டும். அந்தப் பெண் வாயில் கையை வைத்துவிட்டாள். அவன் படியேறி வந்து இவர் ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டு, யீசு சஹாய், யீசு சஹாய் என்று சொல்லிக்கொண்டே நின்றான். அவர்கள் ஊரில் ஒருத்தரையொருத்தர் பார்த்தால் சொல்கிறதாம், நாம் ஸ்தோத்திரம் சொல்வதில்லையா, அந்த மாதிரி. சர்ச் வாசலில் யாராவது இவருக்கு ஸ்தோத்திரம் சொன்னால் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வண்டிச் சாவியைத் தேடுவார். எத்தனை பேர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள், என்ன டீச்சர், சாருக்கு நம்மளப் பிடிக்கலையா என்று. பிடிக்காமல் இல்லை, அவர் சுபாவம் அப்படி என்று நான் பூசி மெழுகுவேன். சுபாவமாம். அந்தச் சுபாவம் எங்கே போனது இன்றைக்கு? என் ஸ்வாகத் தொண்டையிலேயே நின்றது. நான் வெறுமனே, வாங்க வாங்க என்றேன். அவன் பேர் நிர்மல் தோப்னோ, அவள் பேர் சலோமி. அவன் எனக்கு மரியாதையாக வணக்கம் சொல்லிவிட்டுத் திரும்பவும் இவரிடம்தான் போனான். பலகாரம் வைத்தேன். அதிரசத்தைக் கடித்த மாத்திரத்தில் சலோமி "அர்சா!" என்று கூவினாள், இவரும் அதே நேரத்தில் "அர்சா" என்றார், மூன்று பேரும் சிரித்தார்கள். அவர்கள் ஊர்க் கிறிஸ்மஸ் பலகாரமாம், அரிசிமாவும் வெல்லமும். மாவு இடித்தது நான், பாகு பதம் பார்த்தது நான், கையில் எண்ணெய் தெறித்துக் கொப்பளம் வாங்கியது நான். ஜார்கண்டில், ராஞ்சியில் வேலை பார்த்து ரிட்டயராகி வந்தபின் எத்தனை கிறிஸ்மஸுக்கு இவர் என் அதிரசத்தைச் சப்தமில்லாமல் தின்றிருக்கிறார்! ஒவ்வொரு தடவையும் மனசுக்குள் அர்சா அர்சா என்று சொல்லிக்கொண்டுதான் தின்றாரா? நிர்மலுக்குக் கொஞ்சம் தமிழ் வருகிறது. எனக்கு விளங்கட்டும் என்று அவன் நல்லெண்ணத்தோடு சொன்னான், "ஆன்ட்டி, அங்கிள் எங்க ஊரு ஆளு." ஆமாம் என்று சிரித்தேன். சிரித்தது பல்தான்.

அப்புறம் மேசைக்கு உட்கார்ந்தோம். எப்போதும் நடப்பது உமக்குத் தெரியும். நான், "ஜெபம் பண்ணுங்க" என்பேன். அவர், "நீயே பண்ணு" என்பார். நான் பண்ணுவேன். எங்கள் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது இவர் லீவில் வந்த காலத்திலிருந்தே இது நடக்கிறது, இப்போது அவள் மஸ்கட்டில் தன் பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிறாள், இன்னும் நடக்கிறது. இந்த "நீயே பண்ணு"வைக் கேட்டுக் கேட்டு நான் உம்மிடம் அழுதிருக்கிறேன். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் வியாழக்கிழமைதோறும் இவருக்காக விண்ணப்பம் வைப்பேன்: என் கணவர் ஜெபமணியின் இரட்சிப்புக்காக, அவர் வாய் திறந்து உம்மைத் துதிக்க. பேர் ஜெபமணி, ஜெபம் மட்டும் கிடையாது. ஹெலன் அக்கா ராகம் போட்டு இவருக்காக ஜெபிப்பாள், ஆண்டவரே அந்த ஊமை வாயைத் திறவும் என்று. எனக்கு ஒரு மாதிரி இருக்கும், இருந்தாலும் ஆமென் சொல்லுவேன். சரி, இன்றைக்கு நான் வழக்கம்போல "ஜெபம் பண்ணுங்க" என்றேன், பதிலை எதிர்பார்க்காமலே கண்ணை மூடித் தொண்டையைச் செருமிக்கொண்டேன். அப்போது ஆரம்பித்தார். பரமேஷ்வர் பிதா என்று ஆரம்பித்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பரமேஸ்வரனா! கிறிஸ்மஸ் சாப்பாட்டு மேசையிலா! ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன், அவர்கள் ரெண்டு பேரும் தலை குனிந்து பக்தியாகத்தான் இருந்தார்கள். பிறகு பார்த்தால் அது உம் பேராம், அந்தப் பக்கத்துச் சபைகளில் உம்மை அப்படித்தான் கூப்பிடுகிறார்களாம், நிர்மல் சொன்னான். உம் பேர் அதுவென்று எனக்குத் தெரியாது பாரும். ஞாயிறு பள்ளியில் எத்தனை வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், உமக்கு இப்படி ஒரு பேர் இருப்பது எனக்குத் தெரியாது, வாயே திறக்காத இவருக்குத் தெரிந்திருக்கிறது. அவர் நிறுத்தவில்லை. பேசிக்கொண்டே போனார். தடுக்கல் இல்லை, நான் பண்ணும்போது வருகிற கிருபையும் இரக்கமும் நிறைந்த என்கிற பெரிய வார்த்தைகள் எதுவும் இருப்பதுபோல் தெரியவில்லை, எதிரே ஒரு ஆள் உட்கார்ந்திருந்தால் எப்படிப் பேசுவாரோ அப்படி. ஒரு இடத்தில் சிரித்தார்கூட. ஜெபத்தில் சிரிக்கலாமா? ஒரு இடத்தில் மூக்கை உறிஞ்சினார். அதற்கு அப்புறம்தான் என் பேர் ரெண்டாவது தடவை வந்தது.

நான் கேட்டதைத்தான் கொடுத்தீர். அதைத்தான் ஜீரணிக்க முடியவில்லை. வாயைத் திறவும் என்றேன், திறந்தீர். யாருக்கு முன்னால், எந்தப் பாஷையில் என்று நான் சொல்லவில்லை, அந்த இடத்தில் கைவைத்துவிட்டீர். இல்லை, நீர் இன்றைக்குத் திறக்கவும் இல்லையே, அதுதானே விஷயம். அது எப்போதோ திறந்த வாய். ராஞ்சியில் ஒரு பெரிய ஆலையில் ஃபிட்டராக இருந்தார். எனக்கு இங்கே பள்ளிக்கூட வேலை, நிரந்தரமான வேலை, அதை விட்டுவிட்டு அங்கே போய் என்ன செய்ய? கல்யாணமான புதிதில் ஒரு தடவை போய் ஒரு மாசம் இருந்தேன், குவார்ட்டர்ஸில் எதிர்வீட்டுக்காரியிடம் உப்புக் கேட்கக்கூடக் கையை ஆட்ட வேண்டியிருந்தது, வந்துவிட்டேன். அவர் லீவை மே மாசத்துக்கு வைத்துக்கொள்வார், எனக்கும் பள்ளிக்கூடம் விடுமுறை. அதனால் கிறிஸ்மஸுக்கு வரமாட்டார். பூத்திலிருந்து ஃபோன் வரும். "கிறிஸ்மஸ் எப்படிங்க?" "நடந்துச்சு." "சர்ச்சுக்குப் போனீங்களா?" "போனேன்." "சாப்பாடு?" "ஆச்சு." பாவம் மனுஷன், ஹோட்டலில் எதையாவது தின்றிருப்பார் என்று நான் இங்கே கறிக்குழம்பில் கண்ணீர் விட்டிருக்கிறேன். ஹோட்டலாம்! காலனிக்குப் பின்னால் தகரக்கூரை போட்ட ஒரு சபை உண்டாம், நிர்மலுக்கு அது தெரியுமாம், சின்ன வயசில் மாமா வீட்டுக்குப் போனபோது போயிருக்கிறானாம். அங்கே அங்கிள்தான் பிரார்த்தனை பண்ணுவாராம். கிறிஸ்மஸுக்கு வெளியூர் ஆளை ஆளாளுக்குப் போட்டி போட்டு வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவார்களாம். இவையெல்லாம் இவர் அவனிடம் சொல்லி, அவன் என்னிடம் தமிழில் சொல்லி, நான் தெரிந்துகொள்கிறேன். என் புருஷனைப் பற்றி. அது எந்த வீடு? யார் கூட்டிக்கொண்டு போனார்கள்? யார் இலை போட்டார்கள், யார் பக்கத்தில் நின்று இன்னும் கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள்? இத்தனை இந்தி ஆலையில் படித்த இந்தி கிடையாது. இது வீட்டுக்குள் உட்கார்ந்து படித்த இந்தி. அப்படிச் சிரிக்க யார் சொல்லிக்கொடுத்தார்கள்? ஒரு பொம்பளையாகத்தான் இருக்கும். சீ, என்ன புத்தி எனக்கு, இந்த வயசில், அதுவும் பண்டிகை நாளில். இருக்காது. இருந்தால்? இப்போது உள்ளே மறுபடி சிரிக்கிறார்கள். இவர் சிரிப்பு தனியாகக் கேட்கிறது, வயிற்றிலிருந்து வருகிறது. எனக்குத் தெரிந்தவர் மூக்கால் சிரிப்பார். மூக்கால் சிரிக்கிறவரோடு நான் குடும்பம் நடத்தினேன், வயிற்றால் சிரிக்கிறவர் ராஞ்சியில் இருந்திருக்கிறார். எனக்குப் பொறாமையாக இருக்கிறது, ஆண்டவரே. டைல்ஸ் ஒட்ட வந்த ஏழைப்பட்ட பிள்ளைகள்மேல், அவர்கள் ஊர்மேல், அந்தத் தகரக்கூரைமேல், உம்மேலும்தான். அவர் உம்மோடு பேசிக்கொண்டு இருந்திருக்கிறார், இத்தனை வருஷமும் நீர் ஒரு வார்த்தை என்னிடம் சொல்லவில்லை. நான் வியாழக்கிழமைதோறும் முழங்காலில் நின்று கெஞ்சினேனே, அப்போதாவது, ஏ பெர்சிஸ், அந்த ஆள் நேற்றும் வந்து பேசினான், நீ போய் உன் வேலையைப் பார் என்று சொல்லியிருக்கலாம். அப்பளம் கருகிவிட்டது.

"தள்ளு" என்று பின்னால் ஒரு குரல். திரும்பினால் சலோமி. அடுப்பை அணைத்துவிட்டு, என் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கி, "நீ தள்ளு. போய் உக்காரு. நான் பாக்குறேன்" என்றாள். என் மகள் வயசுகூட இருக்காது. என்னை, இந்த ஊரில் பாதிப்பேருக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த பெர்சிஸ் டீச்சரை, என் அடுப்படியில் நின்று நீ என்கிறாள், தள்ளு என்கிறாள். சுர்ரென்று ஏறியது. "ஏம்மா, பெரியவங்கள அப்படிச் சொல்லக்கூடாது" என்றேன், டீச்சர் குரலில்தான். அவளுக்கு விளங்கவில்லை. சிரித்தாள். "சாப்டியா? நீ சாப்புடல. வா, சாப்புடு, சீக்கிரம், சீக்கிரம்" என்றாள். கையை வீசி வீசி, ஒரு மேஸ்திரி சொல்கிற மாதிரியே சொன்னாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. மேஸ்திரி சொன்னதைத்தான் சொல்கிறாள். இவள் இங்கே வந்து கேட்ட தமிழ் மொத்தமும் இதுதான்: தள்ளு, தூக்கு, கொண்டா, இந்தா பிடி, சீக்கிரம், சாப்டியா. இத்தனை மாசத்தில் ஒரு ஆள்கூட இவளை நீங்கள் என்று கூப்பிட்டிருந்தால் அந்த வார்த்தை இவள் வாயில் இருந்திருக்கும். என் கோபம் அதோடு வடிந்தது. முழுதாக வடிந்தது என்று சொல்லமாட்டேன். இவர் கதவைத் திறந்த உடனே யீசு சஹாய் என்றபோது இவள் ஏன் வாயைப் பொத்தினாள் என்று மட்டும் விளங்கியது. அவள் கருகின அப்பளத்தை வெளியே எடுத்துப் போட்டுவிட்டு, பாயசப் பாத்திரத்தின் மூடியைத் திறந்து பார்த்து, முகர்ந்து, கண்ணை உருட்டினாள். நல்லா இருக்கு என்பதற்கு அவளிடம் தமிழ் இல்லை. நான் நாலு டம்ளரை எடுத்து வைத்தேன். ஒன்று கீழே விழப்போனது, அவள் பிடித்தாள்.

கேட்கலாமா? கேட்டால் என்ன நினைப்பாள். புருஷன் என்ன சொன்னான் என்று விருந்தாளியிடம் கேட்கிற பொம்பளை. ஹெலன் அக்காவுக்குத் தெரிந்தால் அடுத்த வியாழக்கிழமை ஜெபக் குறிப்பே நான்தான். வேண்டாம். இரவு அவரிடமே கேட்டுக்கொள்ளலாம். கேட்டால், "ஒண்ணுமில்ல, சும்மா" என்பார். அவரிடம் சும்மாதான் உண்டு எனக்கு. பாயசத்தை ஊற்றிக்கொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல், "சலோமி, நீங்க சொல்லுங்க, சார் ஜெபம் பண்ணும்போது என் பேரு வந்துச்சே" என்றேன். புரியவில்லை. கண்ணை மூடி, கையைக் கூப்பி, பிறகு என் நெஞ்சைத் தொட்டு, "பெர்சிஸ், பெர்சிஸ்" என்று காட்டினேன். "ஓ, பிரார்த்தனா!" என்றாள். விரலை மடக்கினாள். "பெர்சிஸ் கூப்டுச்சு. எங்களுக்கு சோறு போட்டுச்சு. சாமி, அதுக்கு நல்லது குடு." இது முதல் பெர்சிஸ். சரி, நல்லதுதான். "இன்னொண்ணு? ரெண்டாவது?" அவள் கொஞ்சம் யோசித்தாள். தமிழைத் தேடுகிறாள் என்று நினைத்தேன், சொல்லலாமா என்றும் யோசித்திருப்பாள். ஹால் பக்கம் பார்த்தாள், ஒரு தடவை சிரித்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, தன் மேஸ்திரித் தமிழில் சொன்னாள்: "சாமி, பெர்சிஸ் உன்கிட்ட பேசுது. காலைல பேசுது, ராத்திரி பேசுது, எப்பவும் உன்கிட்டதான் பேசுது. என்கிட்ட வரல. நீ கொஞ்சம் விடு. பெர்சிஸ கொஞ்சம் என்கிட்ட அனுப்பு."

கொஞ்சம் என்கிட்ட அனுப்பு. நான் கரண்டியைப் பாத்திரத்திலேயே விட்டுவிட்டேன். முதலில் வந்தது கோபம்தான், உமக்கு முன்னால் மறைக்கிறதுக்கு என்ன. ஊர்பேர் தெரியாத ரெண்டு பேருக்கு முன்னால் பொஞ்சாதியைப் பற்றி உம்மிடம் முறையிட்டிருக்கிறார். நான் யாருக்காகப் பேசினேன்? அவருக்காகத்தானே! காலையில் அவர் காப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும்போது நான் உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு அவருக்காக ஜெபித்தேன். சாயங்காலம் ஜெபச் சங்கிலி ஃபோன், ஒவ்வொருத்தியும் ஒவ்வொரு பாரத்தைச் சொல்ல, இவர் டி.வி. சத்தத்தைக் குறைத்துக்கொண்டு தனியாகத் தோசை தின்பார். மாதக் கடைசியில் உபவாசம். அவர் வந்து கதவருகே நின்றுவிட்டுத் திரும்பிப் போவது காலடியில் தெரியும். விசுவாசம் இல்லாத மனுஷன், ஜெபம் நடக்கிற அறைக்குள் வரக் கூசுகிறார் என்று அதையும் சேர்த்து ஜெபித்தேன். அவர் கூசி நின்றாரா, இல்லை, உள்ளே என்னோடு இருக்கிற ஆள் எப்போது எழுந்து போவான் என்று பார்த்து நின்றாரா? ஆண்டவரே, என் புருஷன் உம்மேல் பொறாமைப்பட்டிருக்கிறார். யாரிடம் போய்ச் சொல்வார் பாவம்? உம்மைப் பற்றி உம்மிடமே வந்து சொல்லியிருக்கிறார், எனக்கு விளங்கிவிடக் கூடாதென்று இந்தியில். எனக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது, ரெண்டையும் ஒரே நேரத்தில் அடக்க முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். சலோமி பயந்துபோய், "என்னா? நான் தப்பு பேசுனேன்?" என்றாள். "இல்ல, இல்லம்மா, நீங்க சரியாத்தான் சொன்னீங்க" என்றேன். "நீங்க" என்று அவள் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள், புது வார்த்தையாக.

டம்ளர்களை எடுத்துக்கொண்டு ரெண்டு பேரும் ஹாலுக்குப் போனோம். நான் நுழைந்ததும் இவர் சிரிப்பு பாதியில் நின்றது. எப்போதும் நிற்கும், இன்றைக்குத்தான் அது நிற்கிற சத்தம் எனக்குக் கேட்டது. நிர்மல் எழுந்து தன் நாற்காலியைக் கொடுக்க வந்தான், வேண்டாம் என்று சொல்லி அவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். வழக்கமாக எதிரே உட்காருவேன், பரிமாற வசதி. அவர் நகர்ந்து எனக்கு அளவுக்கு மீறி இடம் விட்டார். என்ன சொல்ல? வாயில் வந்தது ஆண்டவரேதான், பழக்கம். கொஞ்சம் இரும், ஆண்டவரே. உம்மைத்தான் சொல்கிறேன், கொஞ்சம் அந்தப் பக்கம் போய் இரும், நான் அப்புறம் வருகிறேன். "ஏங்க" என்றேன். "ம்?" என்றார். அதற்குப் பிறகு என்ன? ஏங்க, கேஸ் புக் பண்ணிட்டீங்களா. ஏங்க, கரண்டு பில். ஏங்க, ஜெபம் பண்ணுங்க. ஏங்க என்பதற்குப் பின்னால் நான் வேறு என்ன பேசியிருக்கிறேன் என்று தேடினேன், ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் உள்ளே குடைந்துகொண்டிருந்ததையே கேட்டுவிட்டேன். "அங்க கிறிஸ்மஸுக்கு யாரு வீட்டுலங்க சாப்பிடுவீங்க?" அவர் பாயசத்தை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "இப்ப எதுக்குக் கேக்க?" "சும்மாதான். ஒங்ககிட்டப் பேசணும்னு தோணுச்சு." அவருக்கு அது விளங்க நேரம் ஆனது. பிறகு மளமளவென்று ஆரம்பித்தார், முழுக்க இந்தியில். சலோமி மேசையைத் தட்டி, "தமிழ்ல சொல்லு! தமிழ்ல சொல்லு!" என்று கத்தினாள். அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார், பிடரியைச் சொறிந்தார், இந்த ஊருக்குப் புதிதாக வந்தவர் மாதிரி ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுத்து, "ஜசிந்தான்னு ஒருத்தி, பெர்சி. அவ வீட்டுலதான். என்னமா சமைப்பா" என்றார். பொம்பளையேதான். நாற்காலியை இன்னும் கொஞ்சம் அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, "ம், சொல்லுங்க" என்றேன்.